நினைவு போனாலும் உரிமை போகாது

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரிக்கு இரண்டு வகைக் கூட்டம் வருகிறது. கடலில் நீராடி, ஓலைப்பெட்டியில் மணல் சுமந்து சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்துவோர் ஒரு பக்கம். கோடி அற்புதர் என்று போற்றப்படும் புனித அந்தோணியாரின் திருத்தலத்தில் செவ்வாய்தோறும் கூடுவோரும், நாள்கணக்கில் தங்கி மன்றாடுவோரும் இன்னொரு பக்கம். மனம் கலங்கியவர்களையும், பேய் பிடித்ததாக நம்பப்படுவோரையும் உறவினர்கள் தொலைதூரத்திலிருந்து இங்கே அழைத்து வருவது தலைமுறைகளாக நடப்பதுதான். அவர்களில் முதியோரும் உண்டு. பெற்ற மகளை யாரோ எவரோ என்று பார்க்கும் தாய், விளக்கு வைக்கும் நேரமானால் சொந்த வீட்டில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும் தகப்பன். இவர்களுக்கு வந்திருப்பது நோய். மூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிவதால் வரும் அல்சைமர் அதில் முதன்மையானது. கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களைக் கெடுப்பதால் வருவது அடுத்தது. வயசான கோளாறு, அறளை பெயர்ந்துவிட்டது என்று ஊர் சொல்லிவிட்டுப் போகும் பலவற்றுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. பராமரிக்கும் முறையும் உண்டு. முற்றாகக் குணப்படுத்தும் மருந்துதான் இன்னும் வரவில்லை.

வழிபாட்டைக் குறை சொல்வது நமது வேலையல்ல. எந்த நேரமும் திறந்திருக்கும் வாசலைத் தேடித்தான் மனிதர்கள் போவார்கள். ஆனால், மருத்துவமும் கண்காணிப்பும் எட்டாத இடத்தில் மனிதர்கள் விடப்பட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழகத்தின் தென்கரை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 மனநோயாளிகள் கருகி மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி எவரையும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகவே விதித்தது. ஆயினும், நினைவிழந்த முதியவரை அறைக்குள் விட்டு வெளியே தாழிடுவது இன்றும் ஒரு குற்றமாக யாருக்கும் படவில்லை. வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய அரசோ வாய் திறப்பதில்லை.

பிரச்சினையின் அளவு தெரியாமல் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அந்த ஆய்வு காட்டியது. பணக்கார நகரவாசிகளின் நோய் என்று இதை இனி எவரும் ஒதுக்க முடியாது. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்கும் தமிழ்நாட்டில், 2021-இல் 13.6 விழுக்காடாக மதிப்பிடப்பட்ட முதியோர் பங்கு 2031-இல் 18.2 விழுக்காடாகும் என்பது அரசின் வல்லுநர் குழு சொன்ன கணிப்பு. கிராமம், பெண்மை, குறைந்த படிப்பு ஆகியவை சேருமிடத்தில் நோயின் சுமை கூடும் என்றால், உவரி, கூட்டப்பனை, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை என்று நீளும் இந்தக் கரையோர ஊர்களின் மூதாட்டிகளைப் பற்றித்தான் அந்த எண்கள் பேசுகின்றன.

இந்த ஊர்களின் வீட்டு நிலவரத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆண்கள் கடலில், இளைஞர்களில் பலர் வளைகுடாவில், கப்பல் வேலையில், சென்னையில். வீட்டில் எஞ்சுபவர் மனைவி, மகள், மருமகள் ஆகியோருள் ஒருவர். நினைவிழந்தவரைப் பார்த்துக்கொள்வது என்றால் வேளைக்குச் சோறு போடுவதோடு முடிகிற காரியம் அன்று. உண்டதை மறந்து இன்னும் சோறு போடவில்லை என்று தெருவில் நின்று சொல்பவருக்கு மறுபடியும் இலை போட வேண்டும். குளிக்க மறுப்பவரைக் கெஞ்சிக் குளிப்பாட்ட வேண்டும். நகையை நீதான் எடுத்தாய் என்ற பழியை வாங்கிக்கொண்டு அவருக்கே மலசலம் துடைத்துவிட வேண்டும். இரவில் அவர் உறங்க மாட்டார். ஆகவே பார்த்துக்கொள்பவருக்கும் உறக்கம் இல்லை. அறுபது ஆண்டுப் பழக்கத்தில் முதியவர் விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு கரைக்கு நடந்துவிட்டால், அது வெறும் அலைச்சலாக முடியும் என்று கடற்கரை ஊரில் எவரும் உறுதி சொல்ல முடியாது. பயந்துதான் தாழிடுகிறார்கள். காரணம் புரிகிறது. அதனால் அந்தச் செயல் சரியாகிவிடாது. ஆனால் அதற்கான பொறுப்பு அந்தப் பெண்ணோடு நின்றுவிடுவதும் இல்லை.

இந்த இடத்தில்தான் நமது பொதுப்பேச்சு தடம் மாறுகிறது. ஒரு முதியவர் தெருவில் விடப்பட்டார் என்ற செய்தி வந்ததும் நாம் எல்லோரும் பிள்ளைகளைச் சபிக்கிறோம். பட்டிமன்ற மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பெற்றோரைக் காப்பது தமிழர் பண்பாடு என்கிறோம். சபிப்பதற்குச் செலவு கிடையாது. எட்டு, பத்து ஆண்டுகள்கூட நீளக்கூடிய ஒரு மூளை நோயை, பயிற்சியோ ஓய்வோ பண உதவியோ இல்லாத ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, அதைப் பாசம் என்று பெயரிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதை நாம் பண்பாடு என்று ஏற்க முடியாது. வயிற்றில் கட்டி வந்தவரை மகள் பாசத்தால் குணப்படுத்தட்டும் என்று எந்த மருத்துவத் துறையும் சொல்வதில்லை.

பாசத்தைச் சொல்லும்போது சொத்தையும் சொல்லியாக வேண்டும். செட்டில்மென்ட் பத்திரங்களில் நல்ல நினைவுடனும் சித்த சுவாதீனத்துடனும் பிறர் தூண்டுதலின்றி எழுதிக் கொடுப்பதாக ஒரு வாசகம் தவறாமல் இருக்கும். எழுதிக் கொடுப்பவருக்கு அன்று என்ன கிழமை என்று தெரியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. பெருவிரல் ரேகை தெளிவாக விழுந்தால் போதும். எழுதிக் கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு. சார்பதிவாளரின் கண் முன் நடக்கும் இந்தக் கொள்ளைக்கு அவர் வெறும் சாட்சி அல்லர். வீடும் பனங்காடும் கைமாறிய பிறகு மூதாட்டியின் கட்டில் திண்ணைக்கு வருகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் முன்பு இறுக்கம் காட்டின. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை முதியோரின் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் கருதிக் கொடுக்கும் பத்திரத்தில் பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளுறைந்தே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இரண்டும் நியாயமான தீர்ப்புகள்.

ஆனால் தீர்ப்பாயத்துக்குப் போவது யார்? உவரி, சேரன்மகாதேவி வருவாய்க் கோட்டத்தில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து புறப்பட்டு, நாங்குநேரிச் சீமையைக் கடந்து, தாமிரபரணிக் கரைக்குப் போனால்தான் தீர்ப்பாயத்தின் தலைவரான கோட்ட அதிகாரியைக் காண முடியும். கொடுத்த சொத்தே நினைவில் இல்லாதவர் எந்தப் பேருந்தில் ஏறி, எந்த மனுவை நீட்டுவார்? இயலாதவர் சார்பாக அவர் அதிகாரம் அளித்தவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம் என்றும், தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. தானாக முன்வரும் அந்த அதிகாரம் நினைவிழந்தோருக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. அதைத் தேடிப்போய்ப் பயன்படுத்துவதை அதிகாரிகள் தங்கள் கடமையாகக் கருத வேண்டும். முதியவரைக் கைவிட்டவருக்குச் சட்டம் விதிக்கும் உச்சபட்சத் தண்டனை மூன்று மாதச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமும். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு. இந்த வரம்பை நீக்கவும், பராமரிப்பு இல்லங்களை முறைப்படுத்தவும் 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, அந்த மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. நாடாளுமன்றத்துக்கு அவசரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதியவரைக் குடும்பத்தாரே சாகடிக்கும் வழக்கமான தலைக்கூத்தலின் பெயர் தெரியாதவர் தென் மாவட்டங்களில் குறைவு. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில், தம்மை முடித்துவிடக் குடும்பத்தார் திட்டமிடுவதையும் நிலத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசுவதையும் கேட்டுவிட்ட முதியவர் ஒருவர் உறவினர் வீட்டுக்குத் தப்பியோடியபோது அந்த வழக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. 'பாரம்' என்ற படம் அதைப் பேசித் தேசிய விருதும் வாங்கியது. கருணை, விடுதலை, நல்ல சாவு என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் அது கொலை. அந்த முதியவருக்குக் காதும் புத்தியும் தெளிவாக இருந்தன, ஆகவே பிழைத்தார். மறதி நோயில் இருப்பவருக்குத் தம்மைச் சுற்றி என்ன பேசப்படுகிறது என்பதே புரியாது. ஊரறிய நடந்தும் ஊர் வாயை மூடிக்கொள்ளுமானால், அந்த மௌனத்துக்கும் குற்றத்தில் பங்குண்டு.

முதியோர் இல்லங்கள் இதற்கு விடையாகுமா? ஆகலாம், அவை இல்லங்களாக இருந்தால். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஒரு கருணை இல்லத்தின் வாகனத்தில், காய்கறி மூட்டைகளோடும் ஒரு சடலத்தோடும் உயிருள்ள மூதாட்டி ஒருவரும் ஏற்றிச் செல்லப்பட்டார். அவர் போட்ட கூச்சலைக் கேட்டுத்தான் சாலையில் போனவர்கள் வண்டியை மறித்தார்கள். அதன் பிறகே அதிகாரிகள் வரிசையாக ஆய்வுக்கு வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அந்த வழக்கின் முடிவு எதுவானாலும், ஆய்வு என்பது கூச்சலுக்குப் பிறகு வருவது என்ற உண்மை மாறவில்லை. அந்த மூதாட்டிக்குக் கத்தத் தெரிந்தது. தெரியாதவர்கள் இருக்கும் இல்லங்களில் என்ன நடக்கிறது? எத்தனை பேருக்கு ஓர் ஆயா, படுக்கைப்புண்ணுக்கு யார் மருந்திடுகிறார்கள், அமைதியாக இருக்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுக்கப்படுகிறதா, கட்டிலோடு கட்டப்படுகிறார்களா என்ற நான்கு கேள்விகளுக்கு விடையில்லாத இடத்தை இல்லம் என்று அழைக்கக் கூடாது. அமெரிக்கா 1987-லேயே தன் பராமரிப்பு இல்லங்களில் வசதிக்காகக் கட்டிப்போடுவதையும் மருந்தால் மயக்கிவைப்பதையும் சட்டத்தால் தடுத்தது. நமது சட்டமோ மாவட்டத்துக்கு ஒன்றேனும், ஆதரவற்ற 150 பேர் தங்கும் அளவில் அரசு இல்லம் அமைக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எத்தனை இல்லங்கள் உள்ளன, அவற்றில் மருத்துவ வசதி என்ன என்று கணக்கெடுக்க 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது என்பதே, அரசுகள் தாமாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்று.

மருத்துவத் துறைக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பாராட்டுக்குரிய திட்டம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அவை இரண்டும் கட்டுக்குள் இருந்தால் மறதி நோயின் அபாயமும் குறையும். ஆனால் நோய் வந்துவிட்ட வீட்டுக்கு அந்தத் திட்டம் என்ன கொண்டுவருகிறது? தொற்றா நோய்களுக்கான தேசியக் களப்படிவத்தில் 60 வயதைக் கடந்தோருக்கென்று ஒரு கேள்வி உண்டு: நெருங்கியவர்களின் பெயரையோ சொந்த வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா என்பது. மறந்துபோனவரிடமே மறந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். வீட்டு முகவரி மறக்கும்போது நோய் பாதி தூரம் கடந்திருக்கும். கேட்க வேண்டியது மருமகளிடம்: சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறாரா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா என்று. கேட்டு எழுதிய பின் அந்தப் படிவம் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். உவரியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது, நல்லது. கூடங்குளத்துக்கு அணு உலைகளைக் கொண்டுவர முடிந்த நாட்டுக்கு, அதன் பக்கத்து ஊர்களுக்கு மாதம் ஒருநாள் ஒரு மனநல மருத்துவரைக் கொண்டுவருவது எட்டாத காரியம் அன்று.

முடியாது என்று சொல்வோருக்கு இந்த மாவட்டமே விடை வைத்திருக்கிறது. வயசானால் கண் தெரியாது என்பதும் ஒரு காலத்தில் விதியாகத்தான் கருதப்பட்டது. 1988-இல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. கிராமத்துக்குக் கிராமம் முகாம் போட்டு, வண்டியில் ஏற்றிச் சென்று, அறுவை முடித்து வீட்டில் கொண்டுவந்து விடும் அந்த முறையால், கண்புரை என்பது சிகிச்சைக்குரிய ஒன்று என்று பாட்டிமாருக்கும் தெரிந்துபோனது. திருத்தப்படாத பார்வைக் குறையும் செவிக் குறையும் மறதி நோய்க்கு வழிவகுப்பவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்னது. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் மதிப்பீடு. கோவாவின் இரண்டு தாலுகாக்களில், உள்ளூர் ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியபோது, பராமரிக்கும் குடும்பத்தாரின் மனச்சுமை குறைந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. பக்கத்திலிருக்கும் கேரளம் 2014-லேயே மறதி நோய்க்கென்று தனித் திட்டம் தொடங்கியது. ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்பையே ஒரு சமூகக் காப்பீடாக்கியது. அதனால் அங்கே பிள்ளைப் பாசம் அற்றுப்போய்விடவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய். அதற்கு மேல் 500. நினைவிழந்தவருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய டயபர் வாங்கவே அந்த 1,200 போதாது. 70 வயதைக் கடந்தோருக்கு ஐந்து லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அது படுக்கையில் சேர்ந்தால்தான் பயன்படும். மறதி நோயாளியின் செலவோ ஆண்டுக்கணக்கில் வீட்டில் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பார்கின்சன் நோய்க்கு இடம் உண்டு. டிமென்ஷியாவின் பெயர் தனியாக இல்லை. இந்த விடுபடல் திருத்தப்பட வேண்டும்.

நமது தீர்ப்பு இது. நினைவிழந்த முதியவரின் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவரைத் திண்ணையில் தள்ளியவர் குற்றவாளி. அவருக்குப் பாசத்தின் பெயரால் எந்தச் சலுகையும் கூடாது. ஆனால் முதல் குற்றவாளி, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சேரன்மகாதேவிக்குத் தெற்கே நடமாட விடாத நிர்வாகம். கோட்ட அதிகாரி மாதம் ஒருமுறை உவரிக்குப் பக்கத்திலுள்ள திசையன்விளையில் அமர்ந்து இத்தகைய மனுக்களைக் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். பார்த்துக்கொள்ளும் பெண் நோயில் விழாமல் இருக்க, முதியவரை இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளும் சில படுக்கைகளை இப்பகுதி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒதுக்குவது பெரிய செலவும் அன்று. மாநகராட்சிகளில் அன்புச்சோலை என்ற பகல்நேர மையங்களை அறிவித்த அரசு, கடற்கரை ஊர்களுக்கும் முதியோர் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இல்லங்களின் ஆய்வறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

உவரித் திருத்தலப் பொறுப்பாளர்களும் கோயில் நிர்வாகமும் ஊர்க் கமிட்டியும் இதில் அரசைவிட விரைவாகச் செயல்பட முடியும். குணசீலம் கோயிலில் வழிபாட்டோடு மனநல மருத்துவமும் இடம்பெற்றிருக்கிறது. தீயில் 28 பேரை இழந்த ஏர்வாடியில்கூடப் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் முயற்சி நடந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசையும் ஒரு மருத்துவரும் இருந்தால், பேயோட்ட வந்த குடும்பம் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்பும். அதைத் திருத்தலம் கேட்க வேண்டும். சுகாதாரத் துறை மறுக்கக் கூடாது.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் ஒரு முதியவர் தாழிட்ட அறைக்குள் இருப்பது தெரிந்தால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அது இயங்கும். அழைத்த பிறகும் எவரும் வந்து பார்க்கவில்லையென்றால், நாள், நேரம் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்; நகலை எங்களுக்கு அனுப்புங்கள். நாங்கள் அச்சிடுவோம்.